மத்தியானம் மூணு செகண்ட், விடியக்காலைல அஞ்சு நிமிஷம்: லினக்ஸ் ரவுட்டர்ல நெட் ஏன் விட்டு விட்டு போகுது?

தண்டையார்பேட்டைலேருந்து ஒரு தம்பி எழுதியிருக்காரு:

"அண்ணே, பழைய டெஸ்க்டாப் ஒண்ணுல டெபியன் லினக்ஸ் போட்டு ரெண்டு லேன் போர்ட் வச்சு ரவுட்டரா ஓட்டிட்டு இருக்கேன். ஃபைபர் மோடம் கீழ ஹவுஸ் ஓனர் வீட்டு வாசல்கிட்ட இருக்கு, நாங்க ரெண்டாவது மாடி. மோடம் பிரிட்ஜ் மோடுல இருக்கு, அதாவது சிக்னலை அப்படியே கடத்தி மட்டும் விடும், நெட் கம்பெனியோட கனெக்ட் பண்ற பிபிபிஓஇ டயல் பண்றது லினக்ஸ் பெட்டி தான். கொஞ்ச மாசமா நெட் விட்டு விட்டு போகுது. சில நேரம் மூணு நாலு செகண்ட் தொங்கிட்டு வந்துடும், சில நேரம் அஞ்சு நிமிஷம் சுத்தமா இல்ல, சில நாள் ரீஸ்டார்ட் பண்ணா தான் வருது. எனக்கு நைட் ஷிப்ட், விடியக்காலைல ஹேண்ட்ஓவர் கால்ல இருக்கும்போது கரெக்டா போயிடுது, மேனேஜர்கிட்ட திட்டு வாங்க முடியல. நெட் கம்பெனி ஆளுங்க வந்து பாத்துட்டு லைன் நல்லா இருக்கு, உங்க கம்ப்யூட்டர்ல தான் கோளாறுன்னு சொல்லிட்டு போயிட்டாங்க. டெபியனை ரெண்டு தடவ புதுசா ஏத்திட்டேன், வைஃபை பாக்ஸையும் மாத்திட்டேன், ஒயர் போட்ட லேப்டாப்லயும் அதே கதை தான். பேசாம லினக்ஸை தூக்கிப் போட்டுட்டு கடைல ஒரு ரவுட்டர் வாங்கிடவா? லாகும் மோடம் இருக்குற எடத்து போட்டோவும் அனுப்பியிருக்கேன்."

தம்பி, இப்போதைக்கு எதையும் வாங்காதீங்க, எதையும் திரும்ப இன்ஸ்டாலும் பண்ணாதீங்க. லாகை முழுசா படிச்சேன். உங்க லினக்ஸ் பெட்டி ஒழுங்கா வேலை செய்யுது, எங்க அடிபடுதுன்னு செகண்ட் முதற்கொண்டு எழுதியும் வச்சிருக்கு. கடைல வாங்குற சாதாரண ரவுட்டர்ல இந்த அளவுக்கு தெரியாது, லைட் அணையும் திரும்ப எரியும், அவ்ளோ தான். நீங்க 'நெட் கட் ஆகுது'ன்னு ஒரே பேர் வச்சிருக்கீங்க, ஆனா லாக்ல தெரியுறது ரெண்டு தனித்தனி கோளாறு, ஒண்ணு மத்தியானத்துல வருது, இன்னொண்ணு விடியக்காலைல வருது, ரெண்டுக்கும் ஒண்ணுக்கொண்ணு சம்பந்தம் கெடையாது. ரெண்டு வியாதியை ஒரே வயித்துவலின்னு நெனச்சு ஒரே மாத்திரைய போட்டுட்டு இருந்தா எப்படி கேக்கும், அதனால தான் எதை மாத்துனாலும் ரெண்டு நாள் நல்லா இருக்குற மாதிரி இருந்து திரும்ப ஆரம்பிக்குது.

மொதல்ல அந்த மூணு செகண்ட் கதைய பாப்போம்.

உங்க கெர்னல் லாக்ல, அதாவது லினக்ஸோட அடிப்படைப் பகுதி எழுதி வைக்கிற பதிவுல, மத்தியானம் 12 மணிக்கு மேல சாயங்காலம் 4 மணிக்குள்ள 'லிங்க் இஸ் டவுன்'னு (பெட்டிக்கும் மோடத்துக்கும் நடுவுல கேபிள் தொடர்பு விட்டுப்போச்சுன்னு) ஒரு வரி, மூணு நாலு செகண்ட்ல 'லிங்க் இஸ் அப்'னு இன்னொரு வரி, இது திரும்ப திரும்ப வருது. அந்த 'அப்' வரியோட கடைசில பாத்தீங்களா, சில தடவ 1 ஜிபிபிஎஸ்னு இருக்கு, சில தடவ 100 எம்பிபிஎஸ்னு இருக்கு. அதுக்கு மேல ஒரு இடத்துல 'டவுன்ஷிஃப்ட் அக்கர்டு'ன்னு (வேகம் கொறஞ்சிடுச்சுன்னு) ஆரம்பிச்சு 'செக் கேபிளிங்'னு முடியுற வரி ஒண்ணு இருக்கு, அதை நீங்க கவனிக்காம விட்டுட்டீங்கன்னு நெனைக்கிறேன். கேபிளை பாருன்னு கெர்னலே நேரா சொல்லுது.

ஏன் அப்படி சொல்லுதுன்னா, லேன் கேபிளுக்குள்ள எட்டு கம்பி, நாலு ஜோடி. 100 எம்பிபிஎஸ் ஓடுறதுக்கு ரெண்டு ஜோடி போதும், நாம இங்க வழக்கமா போடுற கலர் வரிசைல ஆரஞ்சும் பச்சையும். ஜிகாபிட்டுக்கு, அதாவது 1 ஜிபிபிஎஸுக்கு, நாலு ஜோடியும் வேணும். ரெண்டு பக்கமும் 'நான் ஜிகாபிட் தாங்குவேன்'னு பேசிக்குறது அந்த ஆரஞ்சு பச்சை ஜோடில தான், அதனால நீலமோ பிரவுனோ பாதி விட்டுப்போயிருந்தாலும் பேச்சு நல்லாவே முடிஞ்சிடும், அப்புறம் நெஜமா ஜிகாபிட்ல ஓட ஆரம்பிக்கும்போது தான் தடுமாறி லிங்க் விழும், திரும்ப எழும், ரெண்டு மூணு தடவ முயற்சி பண்ணிட்டு கார்டு தானா 100க்கு எறங்கிடும். உங்க லாக்ல இருக்குறது அச்சு அசலா இது தான். ஒரு ஜோடி சரியா ஒட்டல.

இப்ப உங்க போட்டோவுக்கு வர்றேன். மோடத்துலேருந்து கெளம்புற வெள்ளை கேபிள் ஜன்னல் வழியா வெளிய போயி, கெழக்கு பாத்த செவுத்துல மேல ஏறி, மொத மாடி சன்ஷேடுக்கு கீழ ஒரு கப்ளர் வச்சு ஜாயின்ட் போட்டு, அங்கேருந்து உங்க ரூமுக்கு வருது. கப்ளர் மேல கருப்பு டேப் சுத்தியிருக்கு, டேப்போட ஓரம் பிரிஞ்சு தொங்குது. ஜாயின்ட்டுக்கு மேல கேபிளுக்கு கிளிப்பே இல்ல. அந்த எடத்து மேல தான் என் கண்ணு.

தண்டையார்பேட்டை, ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் பக்கம் வீட்டு ஜன்னல் கம்பி எவ்ளோ சீக்கிரம் துரு பிடிக்கும்னு உங்களுக்கே தெரியும். அதே உப்புக்காத்து தான் அந்த கப்ளருக்குள்ளயும் போகுது. லேன் பின்னுல தங்க முலாம் போடுவாங்க, மலிவான கப்ளர்ல அது பேருக்கு தான் இருக்கும், கொஞ்சம் தேஞ்சதும் கீழ இருக்குற உலோகத்தை உப்பு பிடிச்சிடும். அப்புறம் மத்தியானத்துல ஏன் அதிகம்னு கேட்டா, நம்ம ஊர்ல வெயில் காலத்துல கடல்காத்து எறங்குறது ஏறக்குறைய அந்த நேரம் தான், கிளிப் இல்லாத கேபிள் ஆடும், செவுரும் நல்லா சுட்டுட்டு இருக்கும், அரைகுறையா ஒட்டிட்டு இருந்த பின் கொஞ்சம் நகந்தா போதும். ராத்திரில காத்து அடங்கிடுச்சுன்னா லிங்க் நல்லா நிக்கும், அதனால தான் உங்க ராத்திரி லாக் சுத்தமா இருக்கு.

ஒரு காரியம் பண்ணுங்க, காலைல வெயில் ஏறுறதுக்கு முன்னாடி அந்த டேப்பை பிரிச்சு கப்ளரை கழட்டி ரெண்டு பிளக்கையும் வெளிச்சத்துல வச்சு பாருங்க. பின்னு மேல பச்சையா படிஞ்சிருந்தா செம்பு அரிச்சிருக்கு. பிளக் பக்கத்துல கேபிளை கொஞ்சம் வெட்டி பாத்து, கம்பி நுனில வெள்ளையா மாவு மாதிரி இருந்தா அது செம்பு கம்பியே இல்ல, அலுமினியத்து மேல செம்பு பூசுனது. பிளேடால லேசா சுரண்டுங்க, உள்ள வெள்ளியா மின்னுனா சந்தேகமே வேணாம். சிசிஏ கேபிள்னு சொல்லுவாங்க, விலை கம்மிங்கிறதால நெறைய பேர் இதை தான் இழுத்துட்டு போறாங்க. லேன் கேபிளுக்கான டிஐஏ 568 தரத்துல அந்த கம்பிக்கு எடமே கெடையாது. மடக்குனா ஒடியும், பிளக்குல அடிச்ச எடத்துல நாளாக நாளாக தளந்துடும், கடலோரத்துல இன்னும் சீக்கிரம்.

கேபிள் தான் குத்தவாளின்னு எதையும் செலவு பண்ணாம உறுதி பண்ணிக்க ஒரு வழி இருக்கு. ஒரு லீவு நாள்ல லினக்ஸ் பெட்டிய கீழ எறக்கி, மோடத்துக்கு பக்கத்துலயே ஒரு மீட்டர் பேட்ச் கார்டுல (ரெண்டு பக்கமும் பிளக் வச்ச ரெடிமேட் லேன் கேபிள்) போட்டு மத்தியானம் பூரா ஓட விடுங்க, மானிட்டர் கூட வேணாம். அன்னைக்கு ஒரு 'லிங்க் டவுன்' கூட வரலன்னா முடிஞ்சுது கதை, வெளிய இருக்குற கேபிள் தான். அப்பவும் வந்துச்சுன்னா லேன் கார்டை சந்தேகப்படணும், அதை பின்னாடி சொல்றேன்.

கேபிள் மாத்துற வரைக்கும் வேலை ஓடணும்ல, அதுக்கு தற்காலிகமா, லேன் போர்ட் செட்டிங்கை மாத்துற ஈத்டூல் கமாண்ட்ல அந்த போர்ட்டை 100 எம்பிபிஎஸ் மட்டும் அறிவிக்கற மாதிரி வச்சிடுங்க. ஆனா ஒண்ணு, ரெண்டு பக்கமும் தானா பேசி வேகத்தை முடிவு பண்ற ஆட்டோ நெகோஷியேஷனை ஆஃப் பண்ணாதீங்க, நெறைய பேர் இங்க தான் மாட்டுறாங்க. ஒரு பக்கம் ஆஃப் பண்ணி இன்னொரு பக்கம் ஆன்ல இருந்தா அந்தப் பக்கம் ஹாஃப் டூப்ளெக்ஸ்னு, அதாவது ஒரு நேரத்துல ஒரு பக்கம் மட்டும் தான் பேசலாம்னு எடுத்துக்கும், அப்புறம் லிங்க் விழாது ஆனா லோடு ஏறுனா நெட் தவழும், அது இன்னும் பெரிய தலைவலி. ஆட்டோ ஆன்லயே இருக்கட்டும், வேகம் மட்டும் 100. பிளான் எவ்ளோ பெருசா இருந்தாலும் அப்ப 94 எம்பிபிஎஸ் பக்கம் தான் கெடைக்கும், கால் பேச அது தாராளம்.

நிரந்தரமா என்ன பண்ணலாம்னு கேட்டா என் கருத்து தெளிவா இருக்கு: வெளிச்செவுத்துல செம்பு கேபிள் வேணாம். நெட் கம்பெனிகிட்ட சொல்லி ஃபைபரையே ரெண்டாவது மாடிக்கு இழுக்க சொல்லுங்க, மோடமும் உங்க ரூமுக்கு வந்துடட்டும். கண்ணாடி இழை உப்புல அரிக்காது, முக்கியமா ஐப்பசி கார்த்திகை மழைல பக்கத்துல இடி விழுந்தா அந்த அதிர்ச்சி கேபிள் வழியா உங்க லேன் கார்டுக்கு வராது. கொஞ்சம் காசு கேப்பாங்க, குடுத்துடுங்க. அது நடக்கலன்னா ஜாயின்ட்டே இல்லாம ஒரே நீளமா, யுவி தாங்குற கருப்பு உறை போட்ட அவுட்டோர் கேபிள், முழு செம்பு, ரிச்சி ஸ்ட்ரீட்ல மீட்டர் கணக்குல வெட்டி குடுப்பாங்க, வாங்கும்போதே நுனிய சுரண்டி பாத்துட்டு வாங்குங்க. ஜன்னல்ல நுழையுறதுக்கு முன்னாடி கேபிளை கீழ்நோக்கி ஒரு வளைவு விட்டு ஏத்துங்க, மழைத்தண்ணி கேபிளோட வழிஞ்சு உள்ள வராம அந்த வளைவுல சொட்டிடும். ஈபி ஒயர் போற பைப்புக்குள்ள சேத்து இழுக்காதீங்க.

அடுத்தது விடியக்காலை. உங்க வேலைக்கு ஆப்பு வைக்கிறது இது தான், அதனால கொஞ்சம் பொறுமையா படிங்க.

இங்க லாக் வேற மாதிரி இருக்கு. 'லிங்க் டவுன்', கொஞ்ச நேரத்துல 'அப்', திரும்ப 'டவுன்', திரும்ப 'அப்', இந்தத் தடவ நேரா 1 ஜிபிபிஎஸ்லயே வருது, டவுன்ஷிஃப்ட்னு எதுவுமே இல்ல. அப்புறம் ரெண்டு நிமிஷம் அமைதி. அதுக்கப்புறம் பிபிபிஓஇ கனெக்ஷனை பாத்துக்குற பிபிபிடிங்கிற புரோகிராம் எழுதுது, 'நோ ரெஸ்பான்ஸ் டு 4 எக்கோ ரிக்வெஸ்ட்ஸ்' (நாலு தடவ கேட்டும் பதில் இல்ல), அடுத்த வரி 'சீரியல் லிங்க் அப்பியர்ஸ் டு பி டிஸ்கனெக்டட்'. சீரியல்னு பாத்து பயந்துடாதீங்க, டயல் அப் மோடம் காலத்துல எழுதுன வாசகம், இன்னும் அப்படியே இருக்கு. அதுக்கு கீழ 'டைம்அவுட் வெயிட்டிங் ஃபார் பாடோ பாக்கெட்ஸ்' சில தடவ, கடைசியா கனெக்ட் ஆகுது.

இதை ஒரு மாலையா கோத்து பாருங்க. கேபிள் கோளாறுன்னா லிங்க் மூணு செகண்ட்ல வந்து, பிபிபிஓஇ அப்படியே தொடரும், ஏன்னா கேபிள் ஒரு நிமிஷத்துக்கும் கம்மியா விட்டுப்போனா லினக்ஸ் அந்த செஷனை தானா கலைக்காது, மத்தியானத்துல உங்களுக்கு தொங்கிட்டு திரும்ப வர்றது அதனால தான். நெட்வொர்க் மேனேஜர் மாதிரி ஏதாவது புரோகிராம் அந்த போர்ட்டை பாத்துக்குச்சுன்னா அது கலைச்சுடலாம், உங்க பெட்டில அது இல்ல. ஆனா விடியக்காலைல லிங்க் வந்தப்புறமும் அந்தப் பக்கம் பதிலே இல்ல. 'யாராவது இருக்கீங்களா'ன்னு பிபிபிஓஇ கேக்குற மொத குரல் பாடி, அதுக்கு நெட் கம்பெனி பக்கத்துலேருந்து வர்ற பதில் பாடோ. பாடோ வரலன்னா உங்க குரல் அங்க போய் சேரல, இல்லன்னா அவங்க பதில் இங்க வந்து சேரலன்னு அர்த்தம். லிங்க் இருக்கு, ஆனா மோடத்தை தாண்டி எதுவும் போகல, கொஞ்ச நேரம் கழிச்சு தானா சரியாகுது. இது மோடம் ரீபூட் ஆகுறதோட கையெழுத்து. கரண்ட் போய் வந்து, லேன் போர்ட் உயிர் பெத்து, ஃபைபர்ல பதிவு ஆகி முடிக்குற வரைக்கும் இப்படி தான் தெரியும்.

நேரத்தை பாருங்க, பெருசா போனதெல்லாம் காலைல அஞ்சரைலேருந்து ஆறேகாலுக்குள்ள. உங்க போட்டோல மோடம் அடாப்டர் சொருகியிருக்குற போர்டுல, அதே போர்டுல, சிவப்பு லைட் வச்ச பெரிய ஸ்விட்ச் ஒண்ணு இருக்கே, அது தண்ணி மோட்டார் ஸ்விட்ச் தானே? நம்ம பக்கம் விடியக்காலைல மெட்ரோ வாட்டர் வந்ததும் சம்ப் ரொம்புது, ஹவுஸ் ஓனர் மோட்டாரை போடுறாங்க, தெரு பூரா போடுறாங்க. மோட்டார் கெளம்புற அந்த நொடில, ஓடும்போது எடுக்குறதை விட பல மடங்கு கரண்ட் இழுக்கும், அந்த போர்டுல வோல்டேஜ் சட்டுனு எறங்கும். நல்ல அடாப்டர்னா சமாளிச்சிடும், உள்ள இருக்குற கெப்பாசிட்டர் அந்த கொஞ்ச நேரத்துக்கு தாங்கும். வருஷக்கணக்கா சூட்டுல கெடந்த அடாப்டர்ல கெப்பாசிட்டர் வத்திப்போயிருக்கும், 12 வோல்ட் ஒரு நொடி சரிஞ்சா மோடம் ரீபூட். நெட் கம்பெனி ஆள் பகல் பதினோரு மணிக்கு வந்து பாத்தா மோட்டார் ஓடாது, லைன் நல்லா தான் இருக்கும், அவர் சொன்னது பொய் இல்ல.

இது என் சந்தேகம், உறுதி பண்ண வேண்டியது நீங்க, அதுக்கு ரொம்ப சுலபமான வழி இருக்கு. மோடத்தோட செட்டிங்ஸ் பக்கத்துல அப்டைம்னு இருக்கும், எவ்ளோ நேரமா அணையாம ஓடுதுன்னு காட்டும். காலைல கட் ஆன ஒரு நாள் ஏழு மணிக்கு அதை தெறந்து பாருங்க. ஒண்ணேகால் மணி நேரம்னு காட்டுனா அங்கேயே பதில் வந்துடுச்சு. நாள் கணக்குல காட்டுனா நான் சொன்னது தப்பு, கோளாறு ஃபைபர்லயோ அதுக்கு அந்தப் பக்கமோ. லினக்ஸ் பெட்டிலயும் அப்டைம் கமாண்ட் அடிச்சு பாத்துடுங்க, அதுவும் கூடவே ரீபூட் ஆகலன்னு தெரிஞ்சுக்கணும்.

பிரிட்ஜ் மோடுல இருக்கும்போது அந்த பக்கம் தெறக்க மாட்டேங்குதேன்னு கேப்பீங்க. மோடம் பெரும்பாலும் 192.168.1.1ல இருக்கும். உங்க வேன் போர்ட்டுக்கு (மோடத்தோட சேர்ற போர்ட்), பிபிபிக்கு இல்ல, அந்த ஒரிஜினல் லேன் போர்ட்டுக்கே 192.168.1.2ன்னு ஒரு அட்ரஸ் குடுத்துட்டா லினக்ஸ் பெட்டிலேருந்து நேரா மோடத்தோட பேசலாம், பிபிபிஓஇ அது பாட்டுக்கு ஓடும். வீட்டுக்குள்ள நீங்க குடுக்குற அட்ரஸ் மட்டும் 192.168.1ல ஆரம்பிக்க கூடாது, வேற எதாவது வரிசைக்கு மாத்திக்கோங்க, இல்லன்னா ரெண்டும் மோதி புதுசா ஒரு கோளாறு மொளைக்கும். லேப்டாப்லேருந்து அந்த பக்கத்தை பாக்கணும்னா அந்த போர்ட் வழியா போறதுக்கும், லேப்டாப் அட்ரஸை பெட்டியோட அட்ரஸா மாத்தி அனுப்புற ஒரு மாஸ்கரேட் ரூல் சேக்கணும்.

அப்டைம் ஒத்துப்போச்சுன்னா ஹவுஸ் ஓனர்கிட்ட சொல்லி, ஒரு ஆள் மோட்டார் ஸ்விட்ச் போட நீங்க மோடம் லைட்டையே பாத்துட்டு நில்லுங்க. எல்லா லைட்டும் ஒரு தடவ அணைஞ்சு எரிஞ்சா வேற சாட்சி வேணாம். மொதல்ல அடாப்டரை மாத்துங்க, பழசுல எழுதியிருக்குற வோல்ட் அப்படியே இருக்கணும், ஆம்பியர் அதே அளவோ கூடவோ இருக்கலாம், கம்மி ஆகக்கூடாது, பின்னோட பிளஸ் மைனஸ் படமும் ஒத்துப்போகணும். அடுத்து மோடத்தை மோட்டார் போர்டுலேருந்து பிரிச்சு வேற பிளக் பாயிண்ட்டுக்கு கொண்டு போங்க. அதோட 12 வோல்ட் ரவுட்டர் யுபிஎஸ்னு சின்ன பெட்டி கெடைக்குது, உள்ள பேட்டரி இருக்கும், அதை மோடத்துக்கு போட்டுட்டா மோட்டார் என்ன, ஈபிகாரங்க கரண்டையே நிறுத்துனாலும் மோடம் நிக்கும். மல்டிமீட்டர் வச்சு அடாப்டரை சும்மா அளந்து பாத்து 12 காட்டுதேன்னு விட்டுடாதீங்க, லோடு இல்லாம செத்த அடாப்டரும் 12 காட்டும். மோட்டார் போர்டுக்குள்ள மட்டும் நீங்க கை வைக்காதீங்க, எலக்ட்ரீஷியனை கூப்பிடுங்க.

மோடம் ரெண்டு நிமிஷத்துல எழுந்துடுது, உங்களுக்கு ஏன் அஞ்சு நிமிஷம் ஆகுதுன்னா, அந்த மிச்சம் பிபிபிடியோட செட்டிங்னால. டெபியன்ல வர்ற பிபிபி ஆப்ஷன்ஸ் ஃபைல்ல எல்சிபி எக்கோ இன்டர்வெல் 30, ஃபெயிலியர் 4. அதாவது 30 செகண்டுக்கு ஒரு தடவ 'இருக்கியா'ன்னு கேட்டு, நாலு தடவ பதில் வரலன்னா தான் செத்துடுச்சுன்னு முடிவு பண்ணும், அதுலயே ரெண்டு நிமிஷம் போச்சு. அதுக்கு மேல ஹோல்ட்ஆஃப்னு ஒண்ணு, விழுந்தப்புறம் திரும்ப டயல் பண்றதுக்கு முன்னாடி காத்திருக்குற நேரம், நாம எதுவும் எழுதலன்னா 30 செகண்ட். இன்டர்வெல்லை 10, ஃபெயிலியரை 5ன்னு வைங்க, அம்பது செகண்ட்ல கண்டுபிடிச்சிடும். எல்சிபி எக்கோ அடாப்டிவ்னு ஒரு ஆப்ஷன் சேத்துக்கோங்க, அந்தப் பக்கத்துலேருந்து டேட்டா வந்துட்டு இருக்கும்போது தேவையில்லாம கேட்டு ஏமாறாது. ஹோல்ட்ஆஃப் 10 போதும். சில பேர் இன்டர்வெல் 1, ஃபெயிலியர் 2ன்னு வைக்க சொல்லுவாங்க, வேணாம், கேபிள் மூணு செகண்ட் ஆடுனா கூட நல்லா இருக்குற செஷனை வெட்டிடும், திரும்ப டயல் பண்ணி புது ஐபி வந்துச்சுன்னா ஓடிட்டு இருந்த கால் கண்டிப்பா செத்துடும். அப்புறம் விழுந்தா திரும்ப டயல் பண்ண சொல்ற பெர்சிஸ்ட் இருக்கான்னு பாருங்க, மேக்ஸ்ஃபெயில்னு எழுதலன்னா 10 தடவ தோத்ததும் பிபிபிடி கைய விரிச்சிட்டு உக்காந்துடும், அதை 0ன்னு வைங்க, அப்ப விடாம முயற்சி பண்ணும். 'ரீஸ்டார்ட் பண்ணா தான் வருது'ன்னு நீங்க ஒரு வரி எழுதியிருந்தீங்க, அதுக்கு காரணம் இதுவா தான் இருக்கணும்.

ரீஸ்டார்ட்னு சொன்னதும் ஒண்ணு கேட்டுக்குறேன், நெட் போன ஒடனே பெட்டிய ரீஸ்டார்ட் பண்றதை நிறுத்துங்க. அந்த நிமிஷம் தான் நமக்கு வேணும். அதை பிடிக்கறதுக்கு லினக்ஸ் பெட்டிலேருந்து மூணு பிங் (ஒரு அட்ரஸை 'இருக்கியா'ன்னு விடாம கேக்குற கமாண்ட்) ஓட விடுங்க, மூணும் தனித்தனி ஃபைல்ல எழுதட்டும். ஒண்ணு மோடத்துக்கு, 192.168.1.1. இன்னொண்ணு பிபிபி கனெக்ட் ஆனதும் அந்த முனைல தெரியுற நெட் கம்பெனி அட்ரஸுக்கு. மூணாவது வெளிய இருக்குற கூகுளோட 8.8.8.8க்கு. பிங்கோட மைனஸ் பெரிய டி (-D) போட்டா ஒவ்வொரு வரிக்கும் நேரம் வரும், மைனஸ் பெரிய ஓ (-O) போட்டா பதில் வராததையும் எழுதும், இது ரொம்ப முக்கியம், இல்லன்னா போனது தெரியாது வந்தது மட்டும் தான் தெரியும். கட் ஆன நேரத்துல மோடமே பதில் சொல்லலன்னா கோளாறு உங்க வீட்டுக்குள்ள, கேபிளோ கரண்ட்டோ. மோடம் பதில் சொல்லி கம்பெனி அட்ரஸ் சொல்லலன்னா ஃபைபர் பக்கம். சில கம்பெனில அந்த அட்ரஸ் பிங்குக்கு எப்பவுமே பதில் குடுக்காது, அப்ப வழில இருக்குற அட்ரஸையெல்லாம் வரிசையா காட்டுற ட்ரேஸ்ரூட்ல அடுத்து வர்றதை எடுத்துக்கோங்க. ரெண்டும் சொல்லி 8.8.8.8 மட்டும் சொல்லலன்னா அந்த அட்ரஸை தாண்டி, கம்பெனிக்குள்ளயோ வெளியவோ. மூணுமே சொல்லுது ஆனா பிரவுசர்ல எதுவும் தெறக்கலன்னா அப்ப தான் லினக்ஸ் பக்கம் திரும்பணும், மொதல்ல சைட் பேரை அட்ரஸா மாத்துற டிஎன்எஸ்.

இதே மாதிரி பெட்டி வச்சிருக்குற மத்தவங்களுக்கும் சேத்து சொல்றேன், லினக்ஸ் பக்கம்னு வந்துட்டா நான் பாக்குறது கொஞ்சம் தான். ஏற்கனவே ஓடுற வீடியோ ஓடுது, புதுசா எதுவும் தெறக்கலன்னா, ஓடுற கனெக்ஷனையெல்லாம் பெட்டி குறிச்சு வைக்கிற கான்ட்ராக் டேபிள் ரொம்பியிருக்கலாம், கெர்னல் லாக்ல 'டேபிள் ஃபுல், டிராப்பிங் பாக்கெட்'னு அப்படியே எழுதியிருக்கும், வீட்டுல யாராவது டாரன்ட் ஓட்டுனா நடக்கும், ஒரு டிசிபி கனெக்ஷனை டீஃபால்ட்டா 432000 செகண்ட், அதாவது 5 நாள் ஞாபகம் வச்சிருக்கும், அந்த நேரத்தை கொறச்சு, டேபிளோட அளவை (மேக்ஸ்) ஏத்துங்க. சில சைட் மட்டும் பாதில நிக்குதுன்னா எம்டியூ (ஒரு பாக்கெட்டோட அதிகபட்ச அளவு), பிபிபிஓஇல 8 பைட் போயிடுறதால 1500 இல்ல 1492, பாக்கெட்டை அந்த அளவுக்குள்ள அடக்குற எம்எஸ்எஸ் கிளாம்ப் ரூல் போடணும். யாராவது போட்டோ பேக்கப் ஏத்தும்போது மட்டும் கால் எறைச்சலாகுதுன்னா அது கட் ஆகுறதே இல்ல, க்யூ நெரிசல், கெர்னல் 4.19லேருந்து கூடவே வர்ற, அந்த க்யூவை ஒழுங்குபடுத்துற கேக்னு ஒண்ணு இருக்கு, அதை பிளான் வேகத்துக்கு கொஞ்சம் கீழ வச்சு போட்டுட்டா நல்ல வித்தியாசம் தெரியும். இது எதுவும் உங்க லாக்ல இல்ல தம்பி.

லேன் கார்டு கதை சொல்றேன்னேன்ல. உங்க வேன் போர்ட் மதர்போர்டோட வந்த ரியல்டெக், ஆர்8169 டிரைவர். அந்த ஒரு மீட்டர் கேபிள் போட்டும் லிங்க் விழுந்துச்சுன்னா, கரண்ட் மிச்சம் பண்ற இஇஇன்னு ஒரு வசதி இருக்கும், சில மோடத்தோட அது ஒத்துப்போகாது, ஈத்டூல்ல ஆஃப் பண்ணி பாருங்க. 'நெட்டெவ் வாட்ச்டாக்', 'டிரான்ஸ்மிட் க்யூ டைம்ட் அவுட்'னு லாக்ல வந்தா பிசிஐஇ ஏஎஸ்பிஎம்னு இன்னொரு கரண்ட் மிச்சம் பண்ற வசதிய, லினக்ஸ் கெளம்பும்போது குடுக்குற பூட் லைன்ல ஆஃப் பண்ணுங்க. ஒரு நேரத்துல ஒண்ணு மட்டும் மாத்துங்க, மாத்துன நேரத்தை ஒரு பேப்பர்ல எழுதி வைங்க, நாலையும் சேத்து மாத்துனா எது சரி பண்ணுச்சுன்னு கடைசி வரைக்கும் தெரியாது.

நெட் கம்பெனிகாரரை அடுத்து கூப்பிடும்போது 'நெட் வரல'ன்னு மட்டும் சொல்லாதீங்க. மோடத்தோட செட்டிங்ஸ் பக்கத்துல ஆப்டிகல் ரிசீவ் பவர்னு (ஃபைபர்ல வந்து சேர்ற வெளிச்சத்தோட அளவு) டிபிஎம்ல ஒரு நம்பர் இருக்கும், மைனஸ்ல தான் வரும். வீட்டுக்கு வர்ற ஜிபான் வகை ஃபைபர் மோடம் பொதுவா மைனஸ் 27 வரைக்கும் தாங்கும், மைனஸ் 20 பக்கம் இருந்தா நிம்மதி, மைனஸ் 25ஐ தாண்டி போயிட்டு இருந்தா விளிம்புல நிக்குதுன்னு அர்த்தம். மூணு டிபி எறங்குனா வெளிச்சம் பாதியா கொறஞ்சிடுச்சுன்னு கணக்கு. அந்த நம்பரை காலைல, மத்தியானம், ராத்திரின்னு குறிச்சு வச்சு காட்டுனா அவரும் வேற எடத்துல தேட மாட்டாரு, ஃபைபரை மாடிக்கு இழுக்கும்போதும் முன்னாடி என்ன இருந்துச்சு, இழுத்தப்புறம் என்ன ஆச்சுன்னு ரெண்டு நம்பரையும் அவர் முன்னாடியே பாத்துடுங்க, ஓரத்துல மடக்கி அடிச்சுட்டு போயிட்டா அப்பவே தெரிஞ்சிடும்.

இன்னைக்கே பண்ண வேண்டியது ரெண்டு தான், பிபிபி செட்டிங்கை மாத்துறது, மூணு பிங்கை ஓட விடுறது. நாளைக்கு காலைல ஏழு மணிக்கு மோடம் அப்டைம். கப்ளரை லீவு நாள்ல கழட்டிக்கலாம். அடாப்டரும் கேபிளும் மாத்துனப்புறமும் விடியக்காலைல போச்சுன்னா, அந்த மூணு பிங் ஃபைலையும் அதே நேரத்து கெர்னல் லாகையும் அனுப்புங்க, முன்னாடி பத்து நிமிஷம் பின்னாடி பத்து நிமிஷம் சேத்து, வெட்டாம.